சிலுவையடியில் ஓர் இசைமேதை
(ஜோசப் ஹைடன் வாழ்க்கைச் சித்திரம்)

பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆலயத்தில் அமர்ந்து, ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு திருவாக்கியங்களைத் தியானிக்கும் வழக்கம் நம்மில் பலருக்குப் பழக்கமானதே. குருவானவர் ஒரு வாக்கியத்தை எடுத்துரைத்து விளக்குவார். பிறகு சற்று நேரம் மௌனம் நிலவும். வெயிலும் தாகமும் உண்ணா நோன்பும் சேர்ந்து அந்த மௌனத்தை மிக நீண்டதாக ஆக்கிவிடும். சிறு பிள்ளைகளாகிய நாம் நெளிவதும், அருட்சகோதரிகளின் பார்வை பட்டதும் மீண்டும் நிமிர்ந்து உட்காருவதும் உண்டு.

ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மௌனத்தை இசையால் நிரப்பித் தரும்படி ஒருவருக்கு வேண்டுகோள் வந்தது. அவர்தான் ஆஸ்திரிய நாட்டின் இசைமேதை ஜோசப் ஹைடன். சிம்பொனி என்னும் பேரிசை வடிவத்திற்குத் தந்தை என்று உலகம் இவரைப் போற்றுகிறது. சிம்பொனிக்கு நான்கு அங்கங்கள் என்ற ஒழுங்கு நிலைபெற இவரைவிட அதிகம் உழைத்தவர் இலர். அப்படிப்பட்டவரே, தேவை வந்தபோது அந்த ஒழுங்கை விட்டு ஒன்பது அங்கங்கள் கொண்ட ஓர் இசைப் படைப்பை எழுதினார். அதனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அவரது வாழ்க்கையை நாம் அறிய வேண்டும்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லைக்கு அருகே ரோராவ் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1732ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஹைடன் பிறந்தார். தந்தை மத்தியாஸ் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் அன்னா மரியா, திருமணத்திற்கு முன் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர். பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் பாதிப்பேர்தான் பிழைத்து வளர்ந்தனர்.

மாலையில் வேலை முடிந்ததும் தந்தை ஹார்ப் வாத்தியத்தை எடுத்து மீட்டுவார். அவருக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தாய் பாட, பிள்ளைகள் உடன்பாட, அந்தச் சிறு வீடு நிறைந்துவிடும். நம் ஜோசப்போ ஒரு கட்டையை இடது தோளில் வைத்து, ஒரு குச்சியால் அதன்மேல் இழுத்து, தானும் வயலின் வாசிப்பதாகப் பாவனை செய்வான். அந்தக் குச்சி தாளம் தப்பாமல் இழுபடுவதைக் கண்டார் ஓர் உறவினர். அவர் பக்கத்து ஊராகிய ஹைன்பர்கில் பள்ளி ஆசிரியர். பையனைத் தம்மிடம் விட்டால் இசை கற்பிப்பதாகச் சொன்னார். மகன் குருவாக வேண்டும் என்று தாய்க்கு ஆசை. இசை தெரிந்தால் கோயில் பணிக்கும் உதவுமே என்று சமாதானம் அடைந்தார். இவ்வாறு ஆறு வயது நிறையுமுன்பே அவன் பெற்றோரைப் பிரிந்தான். அதன் பிறகு அவன் அந்த வீட்டில் நிலையாக வாழவே இல்லை.

ஹைன்பர்கில் அவன் வயலினும் விசைப்பலகை வாத்தியமும் கற்றான், முரசடிக்கவும் கற்றான். ஆனால் அங்கே கிடைத்த சோற்றைவிட அடியே அதிகம் என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. சுத்தமான உடைகூட இன்றி, ஊரார் முன் வெட்கப்பட்டு நின்றதையும் அவர் மறக்கவில்லை. இருப்பினும் அந்த ஆசிரியரைப் பழித்தாரா? இல்லை. இத்தனை சிறு வயதில் இத்தனை கற்றுக் கொடுத்தாரே என்று கடைசிவரை நன்றியோடுதான் பேசினார்.

பேராலயப் பாடகன்

வியன்னா நகரின் புனித முடியப்பர் பேராலயத்தில் சிறுவர் பாடகர் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் ராய்ட்டர் என்பவர் நல்ல குரலுள்ள சிறுவர்களைத் தேடி ஊர் ஊராக வந்தபோது ஜோசப்பின் குரலைக் கேட்டார். 1740இல், எட்டு வயதுச் சிறுவனாக அவன் தலைநகரை அடைந்தான்.

பேராலயத்தின் உயர்ந்த கூரையின் கீழ் தினமும் திருப்பலியிலும் மாலைச் செபத்திலும் பாடுவது பெரும் பேறுதான். ஆனால் வயிறு நிறைய உணவு கிடைக்கவில்லை. பிரபுக்களின் வீடுகளில் பாடச் சென்றால் ஏதேனும் உண்ணத் தருவார்கள் என்பதை அவன் கண்டுகொண்டான். ஆகவே தன்னை அடிக்கடி அழைக்கும்படி இன்னும் நன்றாகப் பாடப் பழகினான். பசியும் ஓர் ஆசிரியர்தான் போலும்!

குறும்பிலும் குறைவில்லை. பேரரசி மரியா தெரேசா கட்டிக்கொண்டிருந்த ஷோன்புருன் அரண்மனையின் சாரத்தின்மீது பாடகச் சிறுவர்கள் ஏறிக் கூச்சலிட்டார்கள். இனி ஏறினால் அடி விழும் என்று பேரரசி எச்சரித்தார். மறுநாளும் ஏறியவன் யார் என்கிறீர்கள்? நம் ஜோசப்தான். சொன்னபடி பூசையும் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின், 1773இல், அவர் பெயர்பெற்ற இசைக்கலைஞராக இருந்தபோது பேரரசி அவருடைய இசையைக் கேட்க வந்தார். அப்போது ஹைடன் அந்தப் பழைய அடிக்கு நன்றி சொல்ல, இருவரும் சிரித்தார்களாம்.

ஆனால் எந்தச் சிறுவனின் குரலும் என்றும் சிறுவன் குரலாகவே இருக்காதே! பதினாறு, பதினேழு வயதில் குரல் உடைந்தது. பேரரசியே அந்தக் குரலைக் குறை சொன்னாராம். அந்தச் சமயத்தில் முன்னால் நின்ற ஒரு மாணவனின் பின்னலைக் கத்தரிக்கோலால் வெட்டியதுதான் சாக்கு. பிரம்படி கொடுத்துப் பேராலயப் பள்ளியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். கையில் காசில்லை, உடுத்திய துணிதான் உடைமை. பெரும் நகரின் வீதியில் அந்த இளைஞன் நின்றான்.

அவனுக்குக் கதவைத் திறந்தவர் ஒரு செல்வர் அல்லர். ஷ்பாங்லர் என்ற ஏழைப் பாடகர், மனைவியும் கைக்குழந்தையுமாகத் தாம் வசித்த மாடியறையில் அவனுக்கும் ஒரு மூலை கொடுத்தார். பிற்காலத்தில் ஹைடன் இளவரசரின் இசைக்குழுவிற்குத் தலைவரானபோது, அந்தக் குடும்பத்தின் மகளுக்குப் பாடகியாக வேலை வாங்கிக் கொடுத்தார். உண்ட வீட்டை மறவாத உள்ளம் அது.

அந்த வறுமைக் காலத்தில் ஒருமுறை அவர் மரியசெல் என்னும் மாதா திருத்தலத்திற்குக் கால்நடையாகத் திருயாத்திரை சென்றார். அங்கே பாட அனுமதி கேட்டார். வியன்னாவிலிருந்து இப்படித்தான் பலர் வருகிறார்கள், ஒருவருக்கும் பாடத் தெரிவதில்லை என்று பாடகர் தலைவர் விரட்டிவிட்டார். மறுநாள் ஹைடன் மெதுவாகப் பாடகர் மேடைக்குள் நுழைந்து, பாட வேண்டியவன் கையிலிருந்த தாளைப் பறித்துத் தாமே பாடிவிட்டார். எல்லாரும் வியந்து நின்றனர். சில நாள்கள் நல்ல விருந்தும், ஊர் திரும்பக் கொஞ்சம் பணமும் கிடைத்தன!

மாடியறையும் மடத்துக் கதவும்

பிறகு அவர் குடியேறிய மாடியறையில் அடுப்பும் இல்லை. கூரை வழியே மழையும் பனியும் இறங்கும். ஆனாலும் பூச்சி அரித்த ஒரு பழைய விசைப்பலகை வாத்தியத்தின் முன் அமர்ந்தால் எந்த அரசரைப் பார்த்தும் பொறாமைப்படத் தோன்றவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னதுண்டு. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். ஞாயிறன்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்களில் வாசிப்பார். இரவில் இசை இலக்கண நூல்களைத் தாமே படிப்பார். போர்ப்போரா என்ற இத்தாலியப் பாட்டாசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவருடைய காலணியைத் துடைத்து, ஏச்சையும் பேச்சையும் பொறுத்துக்கொண்டு பாட்டின் நுட்பங்களைக் கற்றார்.

அந்நாள்களில் தெரேசா என்ற ஒரு மாணவியை அவர் நேசித்தார். அவளோ இறையழைத்தலைக் கேட்டு கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். 1756இல் அவள் வார்த்தைப்பாடு கொடுத்தபோது அந்தத் திருச்சடங்கிற்கு ஹைடனே இசை எழுதிக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். உண்மையாயின் எத்தகைய மனம் அது! பின்னர் 1760இல் தெரேசாவின் அக்காள் மரியா அன்னாவை அவர் மணந்தார். அந்த இல்லறம் மகிழ்ச்சியாக அமையவில்லை, பிள்ளைப்பேறும் இல்லை. குழந்தைகளிடம் மிகுந்த பிரியம் கொண்டிருந்த அவருக்கு அது பெருங்குறையே.

இளவரசரின் சேவகர்

1761ஆம் ஆண்டு மே முதல் நாள் ஹைடன் எஸ்டர்ஹாசி என்ற பெரும் செல்வக் குடும்பத்தின் இசைக்குழுவில் துணைத்தலைவராக ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 400 கில்டன் சம்பளம். ஒப்பந்தத்தில் இருந்தவற்றை அறிந்தால் நாம் திகைப்போம். வெள்ளைக் காலுறையும் பொய்முடியும் அணிந்து சேவகர் சீருடையில் வரவேண்டும். நாள்தோறும் முன்கூடத்தில் காத்து நின்று, இன்று இசை வேண்டுமா வேண்டாமா என்ற உத்தரவைக் கேட்க வேண்டும். எழுதும் இசையெல்லாம் இளவரசருக்கே சொந்தம். பிறருக்குப் பிரதி தரலாகாது. வாத்தியங்களைப் பாதுகாப்பதும், வாசிப்பவர்களின் சண்டையைத் தீர்த்து வைப்பதும் அவர் பொறுப்பே.

1766இல் அவர் முழுத் தலைவரானார். நிக்கோலாஸ் இளவரசர் சதுப்பு நிலத்தின் நடுவே எஸ்டர்ஹாசா என்ற மாபெரும் அரண்மனையைக் கட்டினார். ஆண்டின் பெரும்பகுதி அங்கேயே தங்க வேண்டும். உலகத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்ட அந்த இடம் பலருக்குச் சிறை. ஹைடனுக்கோ அதுவே பட்டறையாயிற்று. குழப்புவார் யாரும் அருகில் இல்லாததால் தமக்கே உரிய வழியில் செல்ல நேர்ந்தது என்று அவர் கூறியிருக்கிறார். இன்று எழுதியதை நாளை வாசிக்கச் செய்து, எது சரி, எது பிழை என்று கண்டு திருத்திக்கொண்டே இருந்தார். தம் வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகளை அவர் எழுதினார்.

சிம்பொனியின் அமைப்பைப் பற்றி இங்கே ஒரு சொல். நீண்ட இசைப் படைப்பு ஒன்றைப் பல தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே நிறுத்தி வாசிப்பர். அப்பகுதிகளை நாம் அங்கங்கள் எனலாம். ஹைடன் காலத்தில் உறுதிப்பட்ட முறைப்படி, முதல் அங்கம் விரைவாகவும், இரண்டாவது மெதுவாகவும், மூன்றாவது நடன நடையிலும், நான்காவது மீண்டும் விரைவாகவும் செல்லும். வேகமும் நிதானமும் மாறி மாறி வருவதால் கேட்போருக்குச் சலிப்பு இல்லை.

ஆனால் ஒழுங்கை உண்டாக்கியவருக்கு அதை எப்போது மீறலாம் என்பதும் தெரிந்திருந்தது. 1772இல் இளவரசர் வழக்கத்தைவிட நீண்ட நாள் எஸ்டர்ஹாசாவில் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்களில் பலருக்குக் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மனைவி மக்களைப் பிரிந்து வாடிய அவர்கள் தங்கள் தலைவரிடம் முறையிட்டனர். ஹைடன் மனு எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். நான்காம் அங்கம் விரைந்து சென்று முடியவேண்டிய இடத்தில் சட்டென நின்றது. யாரும் எதிர்பாராத ஐந்தாவது பகுதியாக மெதுவான இசை ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தம் பங்கை முடித்து, தம் மெழுகுவர்த்தியை அணைத்து, எழுந்து சென்றார். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து ஓய்ந்தன. இளவரசர் குறிப்பை உணர்ந்தார். மறுநாளே எல்லாருக்கும் ஊர் செல்ல உத்தரவு கிடைத்தது. தமக்குக் கீழே இருந்தவர்களுக்காக, மேலே இருந்தவரின் மனம் நோகாமல் பேசிய அந்தப் பண்பினால்தான் வாத்தியக்காரர்கள் அவரை அப்பா ஹைடன் என்று அழைத்தார்கள்.

1774இல் ஞாபகமறதிக்காரன் ஒருவனைப் பற்றிய நகைச்சுவை நாடகத்திற்கு எழுதிய இசையைக் கொண்டு ஆறு அங்கங்கள் உள்ள சிம்பொனி ஒன்றை அமைத்தார். அதன் கடைசி அங்கம் ஆரவாரமாகத் தொடங்கியதும் வயலின்காரர்கள் நின்றுவிடுவார்கள். சுருதி சேர்க்க மறந்துவிட்டார்களாம்! எல்லார் முன்னிலையிலும் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்த பின்னரே தொடர்வார்கள். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

காடிஸ் நகரின் வேண்டுகோள்

1779இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, தம் இசையைப் பிறருக்கு அளிக்க அவருக்கு உரிமை கிடைத்தது. அவர் அரண்மனையை விட்டு நகரவில்லை. அவருடைய இசையோ ஐரோப்பா எங்கும் சென்றது. 1780களின் நடுவில், ஸ்பெயின் நாட்டின் தென்கோடித் துறைமுகமான காடிஸ் நகரிலிருந்து ஒரு குருவானவரின் வேண்டுகோள் வந்தது.

அந்நகரில் திருக்குகை என்று பெயர்கொண்ட நிலவறைச் சிற்றாலயம் ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று நடக்கும் மூன்று மணி நேர ஆராதனையை ஹைடனே பின்னாளில் ஒரு முன்னுரையில் விவரித்தார். ஆலயத்தின் சுவர்கள், சாளரங்கள், தூண்கள் யாவும் கறுப்புத் துணியால் மூடப்படும். நடுவில் தொங்கும் ஒரே ஒரு பெரிய விளக்கு மட்டும் அந்த இருளில் ஒளிரும். நண்பகலில் கதவுகள் அடைக்கப்படும். ஆயர் பிரசங்க மேடை ஏறி முதல் திருவாக்கியத்தைச் சொல்லி விளக்குவார். பிறகு இறங்கி வந்து பீடத்தின் முன் முழந்தாளிடுவார். அந்த இடைவேளையை இசை நிரப்ப வேண்டும். மீண்டும் ஏறுவார், மீண்டும் இறங்குவார். இப்படி ஏழு முறை.

இங்கேதான் சிக்கல். ஏழும் துயரமானவை, ஏழும் மெதுவாகவே செல்லவேண்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். வேகமும் நிதானமும் மாறி வரவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பழகிய ஒருவர், ஏழு மெதுவான அங்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்போர் சோர்வடையாமல் எப்படி அமைப்பது? வேண்டியபடி அந்த அளவுக்குள் அடங்குவது எளிதாக இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இது கலைத்திறனுக்கு மட்டும் வந்த சோதனை அன்று. மக்களைச் செபத்தில் நிலைக்கச் செய்யவேண்டிய இசை அவர்களைத் தூங்கவைத்துவிட்டால் அந்த ஆராதனைக்கே குறையாகிவிடுமல்லவா?

1786, 87ஆம் ஆண்டுகளில் உருவான அந்தப் படைப்பு இதோ: முன்னுரையாக ஓர் அங்கம், திருவாக்கியங்களுக்கு ஏழு அங்கங்கள், முடிவில் ஓர் அங்கம். ஆக ஒன்பது.

ஏழு அங்கங்களையும் ஒரே மாதிரி ஆக்காமல் காத்தவை யாவை? முதலாவது, ஒவ்வொரு அங்கத்தின் தொடக்க மெட்டையும் அவ்வாக்கியத்தின் லத்தீன் சொற்களுக்குப் பொருந்தும்படி அமைத்தார். யாரும் பாடுவதில்லை, ஆனால் வயலினின் குறிப்பிற்குக் கீழே அச்சொற்கள் அச்சிடப்பட்டன. வாக்கியம் மாற, மெட்டின் நடையும் மாறியது. இரண்டாவது, ஒவ்வொன்றையும் வேறு வேறு சுருதியில் வைத்தார். மேனாட்டு இசையில் துயரத்திற்கு உகந்த மைனர், ஒளி பொருந்திய மேஜர் என இரு வகைச் சுரவரிசைகள் உண்டு. நல்ல கள்வனுக்கு வான்வீடு வாக்களிக்கப்படும் இரண்டாம் அங்கம் மைனரில் தொடங்கி மேஜரில் முடிகிறது. கேட்பவர் எவரும் இலக்கணம் அறியாமலே கதவு திறப்பதை உணர்வார்.

அன்னை மரியாளைச் சீடரிடமும் சீடரை அன்னையிடமும் ஒப்படைக்கும் மூன்றாம் அங்கம் தாயின் கைபோல மென்மையானது. தந்தை தம்மைக் கைவிட்டாரோ என்று ஆண்டவர் கதறும் நான்காம் அங்கத்தில் இருள் சூழ்கிறது. தாகத்தைக் கூறும் ஐந்தாம் அங்கத்தில் தந்திகளை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகின்றனர். அந்தச் சிறு ஒலிகள் துளித்துளியாக விழுகின்றன. அவற்றின் மேல் வயலின் இரண்டே இரண்டு சுரங்களில் களைத்து இறங்குகிறது. தாகத்தைக் காட்ட இவ்வளவு போதும் என்று கண்டவர் பசியையும் தாகத்தையும் நேரில் அறிந்தவர் அல்லவா? எல்லாம் நிறைவேறிற்று என்ற ஆறாம் வாக்கியத்திற்கு, லத்தீன் சொற்களின் ஐந்து அசைகளுக்கு ஐந்து நீண்ட சுரங்கள். அவற்றை எல்லா வாத்தியங்களும் ஒரே குரலில் முழக்குகின்றன. தந்தையிடம் ஆவியை ஒப்படைக்கும் ஏழாம் அங்கத்தில் வயலின்கள் குரலை அடக்கிக்கொண்டு பாடி, மூச்சு அடங்குவதுபோல் தேய்ந்து போகின்றன.

அந்த மௌனம் கலைவதற்குள் பூகம்பம்! ஆண்டவர் உயிர்விட்டபோது நிலம் அதிர்ந்து பாறைகள் பிளந்ததை நற்செய்தி கூறுகிறதல்லவா? ஒரு மணி நேரத்திற்கு மேலாக அடக்கி வைத்த வேகமெல்லாம் இங்கே வெடிக்கிறது. எக்காளமும் முரசும் முழங்க, இருக்கும் பலம் முழுவதையும் செலுத்தி வாசிக்கும்படி ஹைடன் குறித்திருக்கிறார். இரண்டே நிமிடத்தில் அனைத்தும் முடிந்துவிடுகிறது. 1755ஆம் ஆண்டு சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று லிஸ்பன் நகரைத் தகர்த்த பெரும் பூகம்பத்தின் கடல் அலைகள் காடிஸ் நகரையும் தாக்கியிருந்தன. முப்பதாண்டுகளே கடந்திருந்தன. அந்தக் குகையாலயத்தில் முழந்தாளிட்டிருந்த முதியோருக்கு அந்த இறுதி அங்கம் வெறும் கதையாக இருந்திராது.

இதற்குக் கூலியாகக் காடிஸிலிருந்து ஒரு பெரிய கேக் வந்ததாகவும், கோபத்தோடு அதை வெட்டிய ஹைடன் உள்ளே பொற்காசுகளைக் கண்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், தம் படைப்புகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இதையே அவர் மதித்தார் என்பது உண்மை. சிறு ஆலயங்களிலும் வாசிக்கக்கூடுமாறு 1787இலேயே நான்கு தந்தி வாத்தியங்களுக்கும் அதை அமைத்துக் கொடுத்தார்.

புகழும் பணிவும்

1790இல் நிக்கோலாஸ் இளவரசர் மறைந்தார். அடுத்து வந்தவருக்கு இசையில் ஆர்வமில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுச் சேவகம் முடிந்து, 58 வயதில் ஹைடன் விடுதலை பெற்றார். இசை நிகழ்ச்சிகள் நடத்தும் சாலமன் என்பவர் அவரை லண்டனுக்கு அழைத்தார். தம்மைவிட இருபத்து நான்கு வயது இளையவரான நண்பர் மொட்சார்ட், இந்த வயதில், மொழியும் தெரியாமல் எப்படிப் போவீர்கள் என்று வருந்தினார். என் மொழி உலகமெங்கும் புரியும் என்று ஹைடன் விடையளித்தார். இருவரும் அதன்பின் சந்திக்கவில்லை. 1791 டிசம்பரில் மொட்சார்ட் இறந்த செய்தியை லண்டனில் கேட்டு ஹைடன் கலங்கினார்.

இருமுறை இங்கிலாந்து சென்று பன்னிரண்டு பெரும் சிம்பொனிகளை அவர் அளித்தார். 1791இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1795இல் அவர் பிறந்த ஊருக்குச் சென்றார். பிரபு ஒருவர் அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருந்தார். ஹைடனோ முதலில் பழைய வீட்டின் வாசற்படியில் மண்டியிட்டு முத்தமிட்டார். அடுப்பருகே இருந்த பலகையைக் காட்டி, தம் இசை வாழ்வு தொடங்கிய இடம் அதுவே என்றார். தோளில் கட்டையும் கையில் குச்சியுமாக ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்த இடமல்லவா அது!

பயணத்தின் வழியில் பாசாவ் நகரில் அவருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. தமது ஏழு திருவாக்கியங்களுக்கு வேறொருவர் பாடல் வரிகள் சேர்த்துப் பாடகர் குழுவைக் கொண்டு பாடவைத்ததை அவர் கேட்டார். கோபப்படவில்லை; நன்றாயிருக்கிறது, நான் இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று எண்ணினார். 1796இல் தாமே குரல்களுக்கு ஏற்றவாறு அமைத்து, தாகத்தின் அங்கத்திற்கு முன் காற்று வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் புதிய பகுதி ஒன்றையும் சேர்த்தார். ஒன்பது, பத்தாயிற்று.

பின்னர் படைப்பு என்ற மாபெரும் இசைக்காவியம் 1798இலும், பருவங்கள் 1801இலும் அரங்கேறின. படைப்பை எழுதிய நாள்களில் தினமும் முழந்தாளிட்டு வரம் கேட்டதாக அவர் கூறினார். எழுதுவது தடைப்பட்டால் செபமாலையைக் கையில் எடுத்து அறைக்குள் உலாவிக்கொண்டே சில அருள் நிறைந்த மந்திரங்களைச் சொல்வாராம்; எண்ணங்கள் திரும்பி வருமாம். தம் இசைத் தாள்களின் தலைப்பில் ஆண்டவரின் திருப்பெயரையும், முடிவில் அவருக்குரிய புகழையும் எழுதுவது அவர் வழக்கம்.

1803ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், புனித முடியப்பர் திருநாளன்று, வியன்னாவில் நடந்த ஒரு தரும நிகழ்ச்சியில் முதியவர் ஹைடன் இசைக்குழுவின் முன் நின்றார். அன்று வாசிக்கப்பட்டது ஏழு திருவாக்கியங்கள். மக்கள் முன் அவர் இசை நடத்தியது அதுவே கடைசி முறை.

1808இல் படைப்பு வாசிக்கப்பட்டபோது அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒளி உண்டாகும் இடத்தில் எழுந்த பேரொலியைக் கேட்டு அவையினர் ஆர்ப்பரித்தனர். அவர் கைகளை மேலே உயர்த்தி, அது தம்மிடமிருந்து வந்ததன்று, அங்கிருந்து வந்தது என்று உணர்த்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கின. வீட்டருகே குண்டு விழுந்து பணியாளர்கள் நடுங்கியபோது, நான் இருக்கும் இடத்தில் உங்களுக்குத் தீங்கு வராது என்று 77 வயது முதியவர் தேற்றினார். நகரைப் பிடித்த படையைச் சேர்ந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்து, படைப்பிலிருந்து ஒரு பாடலை உருக்கமாகப் பாட, இருவரும் கண்ணீரோடு தழுவிக்கொண்டனர். 1809 மே 31ஆம் நாள் ஹைடன் அமைதியாக உயிர் நீத்தார்.

நமக்கு ஒரு பாடம்

ஹைடனிடம் பாடம் கேட்ட பீத்தோவன் தம் கடைசி ஆண்டுகளில் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்புகளில் ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு என்று அங்கங்களை அமைத்தார். நான்குதான் என்று யாரும் இன்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஹைடன் புதுமைக்காக எண்ணிக்கையைக் கூட்டியவர் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வீடு திரும்பத் துடித்த வாத்தியக்காரர்களுக்காக ஐந்தாவது பகுதி. நாடகம் பார்க்க வந்தவர்களின் சிரிப்புக்காக ஆறு. சிலுவையடியில் முழந்தாளிட்டவர்களுக்காக ஒன்பது. எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது எதிரே இருந்த மனிதரின் தேவையே.

நான்கு அங்கங்களில் வாழ்வு அடங்கிவிடும் என்று நாமும் சில சமயம் திட்டமிடுகிறோம். திடீரென ஒரு நோய், ஓர் இழப்பு, ஒரு கடமை என்று மெதுவான அங்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அப்போது வேகமாக முடித்துவிட்டு எழுந்து போகத்தான் மனம் விரும்புகிறது. ஏழு மெதுவான அங்கங்களையும் தட்டிக்கழிக்காமல், ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய குரலைத் தேடிக் கண்டுபிடித்தார் தச்சர் மகன் ஒருவர்.

அடுத்த பெரிய வெள்ளியன்று, மூன்றாம் வாக்கியத்திற்கும் நான்காம் வாக்கியத்திற்கும் இடையே வரும் அந்த நீண்ட மௌனத்தில், நாம் நெளியாமல் சற்று உட்கார்ந்து பார்ப்போம். அந்த மௌனத்தை நிரப்ப ஒரு பெரிய மேதை எவ்வளவு பாடுபட்டார் என்பது அப்போது நம் நினைவுக்கு வரட்டும்.